மண்ணுக்குள் இருக்கும் கிழங்கை எப்போது எடுப்பது?

கேள்வி இதுதான்: மாடியில் பைகளில் முள்ளங்கி, கேரட், பீட்ரூட் வளர்கின்றன. கீழே கொல்லையில் சர்க்கரைவள்ளி, மரவள்ளி, சேனை. விதைப் பாக்கெட்டில் 45 நாள் என்று போட்டிருக்கிற முள்ளங்கியை 45ஆம் நாள் பிடுங்கினால் சுண்டுவிரல் அளவுதான் இருக்கிறது. சரியென்று மூன்று வாரம் விட்டுப் பிடுங்கினால் உள்ளே பஞ்சு. மற்றதெல்லாம் எப்போது தோண்டுவதென்றே தெரியவில்லை. வெளியிலிருந்து பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் அந்த நாள் கணக்கு. நல்ல மண், சரியான பருவம், போதுமான இடைவெளி, தரையில் நேரடி விதைப்பு என எல்லாம் கூடிவந்த செடிக்குப் போட்ட கணக்கு அது. பையில் வளரும் செடி அதிலிருந்து பத்துப் பதினைந்து நாள் பின்தங்குவது சாதாரணம். ஆகவே 45 நாள் என்றால் அன்றைக்குப் பிடுங்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாமல், 38ஆம் நாளிலிருந்து தினம் ஒருமுறை குனிந்து பார்க்க ஆரம்பிக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எல்லாவற்றையும் கிழங்கு என்று ஒரே பேரில் சொன்னாலும் குணத்தில் இவை மூன்று விதம். முள்ளங்கி, கேரட், பீட்ரூட் மூன்றும் பின்னால் பூத்து விதை வைப்பதற்காக வேரில் சாப்பாட்டைச் சேர்த்து வைக்கிற செடிகள். இவற்றுக்குப் பழுப்பது, முடிவது என்று எதுவும் கிடையாது. நடுவழியில் நாம்தான் நிறுத்துகிறோம், அதனால் பிந்தினால் நஷ்டம். சேனை, சேப்பங்கிழங்கு, மஞ்சள், உருளை ஆகியவை வேலை முடிந்ததும் இலையைக் காயவிட்டு மண்ணுக்குள் உறங்கப் போகிறவை. இவற்றில் முந்தினால் நஷ்டம். மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் மூன்றாவது விதம். விட்டால் வளர்ந்துகொண்டே இருக்கும், செடி தானாக எந்தச் சேதியும் தெளிவாகச் சொல்லாது. கிழங்கையே சோதித்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். உங்கள் செடி எந்த விதம் என்று தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முள்ளங்கியில் இருந்து தொடங்கலாம், அதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ரகம் முக்கியம். பூசா சேத்கி 40 முதல் 45 நாளில் வரும், வெயிலும் ஓரளவு தாங்கும். ஜப்பானிய வெள்ளைக்கு 55 முதல் 60 நாள் ஆகும், அதற்குக் குளிர் வேண்டும். உருண்டையான சிவப்புக் குட்டி முள்ளங்கிக்கு 25 முதல் 30 நாள் போதும், ஒரு வாரம் தாமதித்தாலும் கெட்டுவிடும். எந்த ரகம் என்று தெரியாமல் வாங்கிய விதையாக இருந்தால் நாளை விட்டுவிட்டுத் தோளைப் பாருங்கள். இலைக்கொத்து வேரோடு சேர்கிற இடத்தைத்தான் தோள் என்கிறேன். விரலால் மேல்மண்ணை ஒரு அங்குலம் விலக்கினால் தெரிந்துவிடும். நீள ரகத்தில் தோள் 3 முதல் 4 சென்டிமீட்டர் அகலம், அதாவது இரண்டு விரலைச் சேர்த்து வைத்த அளவுக்கு வந்துவிட்டால் பிடுங்கலாம். பார்த்த பிறகு மண்ணை மூடிவிட வேண்டும்.

பஞ்சானதா இல்லையா என்பதைப் பிடுங்காமலே பார்க்க ஒரு வழி இருக்கிறது. வெளிப்புறத்து முற்றிய இலை ஒன்றை, தோளிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே காம்போடு ஒடியுங்கள். ஒடிந்த முகத்தை உற்றுப் பாருங்கள். ஈரமாக, பச்சையாக, அடைசலாக இருந்தால் வேரும் அப்படித்தான் இருக்கும். நடுவில் வெள்ளை நெட்டியோ துளையோ தெரிந்தால் வேருக்குள்ளும் அதே வேலை தொடங்கிவிட்டது, அன்றே எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். வேர் பருக்கும் வேகத்துக்கு இலையிலிருந்து சாப்பாடு வந்து சேராதபோது உள்ளே இருக்கும் செல்கள் வெறுமையாகிக் காற்று நிரம்புகிறது. அதுதான் அந்தப் பஞ்சு. வெயில் கூடக் கூட இது சீக்கிரம் நடக்கும். நடுவிலிருந்து பூந்தண்டு கிளம்பியது தெரிந்தால் இனி வேரில் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. பச்சைக் காய்களைப் பறித்துப் பொரியல் செய்யலாம், அதுவும் நன்றாகவே இருக்கும்.

நாள் கடந்தும் சுண்டுவிரல் அளவிலேயே நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் அறுவடைக் கணக்கில் இல்லை. நெருக்கமாக விதைத்துக் கலைக்காமல், அதாவது கூடுதல் நாற்றுகளைப் பிடுங்கி எடுக்காமல் விட்டிருப்பீர்கள், அல்லது தொழுஉரமும் கடலைப் பிண்ணாக்கும் அதிகமாகி இலை மட்டும் தளதளவென்று வளர்ந்திருக்கும், அல்லது வெயில் போதாத இடமாக இருக்கும். முள்ளங்கிக்குச் செடிக்குச் செடி 8 முதல் 10 சென்டிமீட்டர் இடைவெளி கட்டாயம். முளைத்த பத்தாம் நாளே கலைத்துவிட வேண்டும். 45ஆம் நாளில் நெருக்கமாக நிற்கிற செடியை இன்னும் காத்திருந்து பெருக்க வைக்க முடியாது, காத்திருந்தால் பஞ்சுதான் மிஞ்சும். அடுத்த முறை ஒரே நாளில் எல்லாப் பையிலும் விதைக்காமல் பத்து நாளுக்கு ஒரு பை என்று விதையுங்கள். அறுவடை மொத்தமாக வந்து விழாது, ஒரு பையில் செய்த தவற்றை அடுத்த பையில் திருத்திக்கொள்ளவும் முடியும்.

கேரட்டுக்கு அவசரம் குறைவு. சமவெளியில் ஐப்பசி, கார்த்திகையில் விதைத்தால் 90 முதல் 100 நாளில், தை கடைசியிலோ மாசியிலோ வரும். தோள் 2 முதல் இரண்டரை சென்டிமீட்டர் வந்ததும் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். இப்போது தோளை விட நுனியைத்தான் பார்க்க வேண்டும். நான்டிஸ் போன்ற உருளை வடிவக் கேரட் ரகங்களில், நுனி ஊசிபோல் கூர்ந்து வெளிறி இருந்தால் இன்னும் நிரம்பவில்லை. நுனி மழுங்கி உருண்டு, நிறம் கடைசிவரை இறங்கியிருந்தால் தயார். நிறமும் இனிப்பும் மேலிருந்து கீழாகத்தான் இறங்கும். குளிர் 15 முதல் 20 டிகிரிக்குள் இருக்கும்போது நிறம் நன்றாக ஏறும், அதனால் சென்னையிலும் மதுரையிலும் விளைகிற கேரட் ஊட்டி கேரட் மாதிரி சிவக்காது. அதற்காக மாதக் கணக்கில் காத்திருந்தால் வேரின் நடுப்பகுதி மஞ்சளாகிக் கட்டையாகிவிடும். பங்குனி வெயில் வருமுன் எடுத்துவிடுங்கள். தோள் பச்சையாக இருந்தால் அது வெயில் பட்டதால் வந்தது. அந்தப் பகுதி கசக்கும், சீவிவிட்டு மீதியைச் சாப்பிடலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தோளுக்கு மண் அணைத்தால் பச்சை வராது.

பீட்ரூட் தானே மண்ணுக்கு மேலே தலையை நீட்டிக் காட்டுவதால் பார்ப்பது சுலபம். 60 முதல் 75 நாள். தோள் 4 முதல் 6 சென்டிமீட்டர் குறுக்களவில், எலுமிச்சம்பழத்துக்கும் சாத்துக்குடிக்கும் இடைப்பட்ட அளவில் எடுப்பதுதான் சுவை. பீட்ரூட் விதை என்று நாம் போடுவது பல விதைகள் ஒட்டிய ஒரு கொத்து. ஒரே குழியில் மூன்று நான்கு செடி வந்து ஒன்றையொன்று நெருக்கும். அவற்றைக் கலைக்காமல் விட்டிருந்தால் பெரியதை முதலில் திருகி எடுங்கள், பக்கத்தில் இருப்பது அடுத்த இரண்டு வாரத்தில் அந்த இடத்தை நிரப்பும். நறுக்கும்போது வெள்ளை வளையங்கள் தெரிந்தால் அது வெயிலின் வேலை, முற்றியதால் வந்ததில்லை. கத்தி நரநரவென்று இறங்கினால்தான் முற்றல்.

இந்த மூன்றுக்கும் பிடுங்கும் முறை ஒன்றே. முந்தின நாள் சாயங்காலம் மிதமாகத் தண்ணீர் விட்டு, மறுநாள் வெயில் ஏறுமுன் பிடுங்குங்கள். பல நாள் காயவிட்டுத் திடீரென்று நிறையத் தண்ணீர் விட்டால் வேர் நெடுக வெடிக்கும். கடும் வறட்சிக்குப் பிறகு பெருமழை வருகிறது என்று தெரிந்தால், கொஞ்சம் சிறியதாக இருந்தாலும் மழைக்கு முன்பே எடுப்பது மேல். பிடுங்கிய கையோடு இலையை நறுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் இலை வேரிலிருந்து நீரை இழுத்து மாலைக்குள் வேரைத் துவளவைத்துவிடும். முள்ளங்கிக்கும் கேரட்டுக்கும் ஒரு சென்டிமீட்டர் காம்பு விட்டால் போதும். பீட்ரூட்டுக்கு மூன்று சென்டிமீட்டர் விடுங்கள், வால்வேரையும் வெட்டாதீர்கள். வெட்டினால் வேகும்போது சாயம் முழுவதும் தண்ணீரில் இறங்கிவிடும்.

இனி சர்க்கரைவள்ளி. 110 முதல் 120 நாளில் அடி இலைகள் மஞ்சளாகும், கொடியின் அடியில் மண் வெடிக்கும். ஆனால் இலை மஞ்சளாவதற்குத் தண்ணீர்க் குறைவும் காரணமாகலாம் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. ஓரத்தில் ஒரு கிழங்கைத் தோண்டி, குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தை மேலே பார்க்கிற மாதிரி நிழலில் வையுங்கள். விளிம்பில் பால் துளிர்க்கும். அது வெள்ளையாகவே உலர்ந்து முகம் வெளிர்நிறமாக இருந்தால் விளைந்த கிழங்கு. முகம் சற்று நேரத்தில் கரும்பச்சையாக மாறினால் இளசு, அதே வேரைச் சுற்றி மண்ணை மூடிப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இன்னொன்றை வெட்டிப் பாருங்கள்.

விளைந்தது தெரிந்த பிறகு தள்ளிப்போடவே கூடாத கிழங்கு இது. கிழங்கைத் துளைக்கிற கூன்வண்டு பெரும்பாலும் மண் வெடிப்பு வழியாகத்தான் கிழங்குக்கு இறங்கும். 120 நாளைத் தாண்டி மண்ணில் விட்டுவைத்த ஒவ்வொரு வாரமும் சேதம் ஏறும். வெடிப்பைக் கண்டதும் மண் அணைத்து மூட வேண்டும். துளை விழுந்து உள்ளே பழுப்புச் சுரங்கம் ஓடிய கிழங்கு முழுக்கவே கசக்கும், ஏனென்றால் கிழங்கு தற்காப்புக்காகச் சுரக்கிற கசப்பு துளையைத் தாண்டியும் பரவியிருக்கும். வெட்டிக் கழித்துவிட்டுச் சமைக்கலாம் என்று பார்க்காதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள். அந்தக் கிழங்கைத் தோட்டத்திலேயே குப்பையில் எறிந்தால் வண்டு அடுத்த பயிருக்குத் தயாராக உட்கார்ந்திருக்கும். எரித்துவிட வேண்டும், அல்லது ஆழக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும்.

தோண்டியவுடன் கழுவ வேண்டாம். மண்ணை உதறி, நிழலில் காற்றோட்டமாகப் பரப்பி, மேலே லேசாக ஈரப்படுத்திய சாக்கைப் போட்டு ஐந்து முதல் ஏழு நாள் விடுங்கள். 30 டிகிரி வெப்பமும் நல்ல ஈரப்பதமும் சேர்ந்தால் தோலில் பட்ட கீறல்கள் தாமாகவே ஆறிவிடும், நம் ஊரில் அந்த வெப்பத்துக்குப் பஞ்சமில்லை. அதற்குப் பிறகு இரண்டு வாரம் இருப்பு வைத்தால் மாவு சர்க்கரையாக மாறி இனிப்பு கூடும். அன்றைக்கே அவித்துத் தின்று சப்பென்று இருக்கிறதே என்று வருத்தப்படுகிறவர்கள் இந்த மூன்று வாரத்தைத் தவறவிட்டவர்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், 12 டிகிரிக்குக் கீழே போனால் நடுப்பகுதி வேகாமல் கட்டையாகிவிடும்.

மரவள்ளிக்கு ரகத்தைப் பொறுத்துத்தான் மாதக் கணக்கு. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இருக்கும் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஸ்ரீ ஜெயா, ஸ்ரீ விஜயா ஆகியவை 6 முதல் 7 மாதத்தில் வரும். சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிற எச் 226 போன்றவற்றுக்கு 9, 10 மாதம் ஆகும். வீட்டில் என்ன ரகம் என்று தெரியாதவர்கள் ஏழாம் மாதம் சோதிக்கலாம். தண்டிலிருந்து ஓரடி தள்ளி ஒரு பக்கம் மட்டும் மண்ணை விலக்கி, மணிக்கட்டு பருமனுக்கு இருக்கும் ஒரு கிழங்கை வெட்டி எடுத்து அவித்துப் பாருங்கள். மாவாக மலர்ந்து வெந்தால் தயார். மெழுகு மாதிரி கண்ணாடியாக நின்றால் இன்னும் காலம் இருக்கிறது, அல்லது கோடைக்குப் பிறகு மழை பெய்து செடி புதிதாகத் துளிர்த்திருக்கிறது. துளிர்ப்பதற்கு வேண்டிய மாவைக் கிழங்கிலிருந்துதான் செடி எடுத்துக்கொள்ளும். அப்படியானால் இலை முற்றும்வரை ஒன்றரை மாதம் காத்திருப்பது நல்லது. ஒரு வருஷத்தைத் தாண்டினால் நடுநரம்பு தடித்து நார் ஓடிவிடும்.

இதில் பெரிய விஷயம் தோண்டிய பிறகுதான் வருகிறது. மரவள்ளிக்குத் தோண்டிய மறுநாளே உள்ளே நீலக்கருப்புக் கோடுகள் விழத் தொடங்கும், மூன்றாம் நாள் பாதிக் கிழங்கு வீண். அன்றைக்குச் சமைக்கிற அளவுக்கு மட்டும் எடுங்கள், மண்தான் இதற்கு நல்ல கிடங்கு. மொத்தமாக எடுக்க வேண்டியிருந்தால் பத்துப் பதினைந்து நாளுக்கு முன்பே தண்டை ஓரடி உயரத்தில் வெட்டிவிடுங்கள். அப்படிச் செய்த செடியின் கிழங்கு கெடாமல் கூடுதல் நாள் தாங்கும். தோண்டும்போது அந்த அடித்தண்டுதான் கைப்பிடி. கடப்பாரையால் சுற்றிலும் நெம்பி மண்ணைத் தளர்த்திவிட்டு நேராக மேலே தூக்குங்கள், பக்கவாட்டில் இழுத்தால் கழுத்தில் ஒடியும், ஒடிந்த இடத்தில்தான் கருப்பு முதலில் இறங்கும். சாப்பிடுவதில் ஒரு எச்சரிக்கை: பச்சையாகத் தின்னக் கூடாது. உள்தோலோடு சேர்த்து உரித்து, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட வேண்டும். வறட்சியில் நின்ற செடியின் கிழங்கில் சயனைடு கூடுதலாக இருக்கும். கசக்கிற மரவள்ளியை வாயில் போட்டதும் துப்பிவிடுங்கள்.

சேனையில் செடியே எல்லாம் சொல்லிவிடும். மாசியிலிருந்து சித்திரைக்குள் நட்டது, எட்டு ஒன்பது மாதத்தில் குடை மாதிரி விரிந்த இலை மஞ்சளாகி, தண்டு அடியில் மெலிந்து, ஒருநாள் தானே சாய்ந்து விழும். விழுந்த தண்டு இழுத்தால் கையோடு வர வேண்டும், அந்த இடத்தில் குழிந்த தழும்பு மட்டும் இருக்க வேண்டும். அதுதான் நாள். மஞ்சளாக ஆரம்பித்ததுமே தண்ணீரை நிறுத்திவிடுங்கள். ஆறாம் மாதத்திலிருந்தே தோண்டிக் குழம்பு வைக்கலாம்தான், ஆனால் நீர் கோத்த கிழங்காக இருக்கும், அரிப்பும் அதிகம், இருப்பும் நிற்காது. ஒன்றரை அடி தள்ளி வட்டமாகப் பள்ளம் பறித்து அடியிலிருந்து தூக்குங்கள். மண்வெட்டி பட்ட காயத்தில் சாம்பல் பூசி, அந்தக் கிழங்கை முதலில் சமைத்துவிடுங்கள். மற்றதை ஒன்றோடொன்று ஒட்டாமல் காற்றோட்டமான நிழலில் வைத்தால் மாதக் கணக்கில் இருக்கும். பிடிகருணையும் இதே கணக்குதான். அதைப் புதுக் கிழங்காகச் சமைக்கவே வேண்டாம், சில வாரம் பழகவிட்டுப் புளித் தண்ணீரில் அவியுங்கள்.

சேப்பங்கிழங்கு ஐந்து ஆறு மாதத்தில் இலை மஞ்சளாகிச் சரியும். மஞ்சளுக்கு ஒன்பது மாதம். பொங்கல் பானையில் கட்டுவதற்குப் பச்சை இலையோடு கொத்தாக எடுப்பது வேறு, தூளுக்கென்றால் இலையும் தண்டும் முழுக்கக் காய்ந்து சாய வேண்டும், முந்தி எடுத்தால் காயும்போது சுருங்கிவிடும். இஞ்சியைச் சமையலுக்கு ஆறாம் மாதத்திலிருந்து ஓரத்தில் கிள்ளிக்கொள்ளலாம்.

உருளையைச் சமவெளியில் கார்த்திகை, மார்கழிக் குளிரை நம்பித்தான் வைக்கிறோம். பூத்தவுடன் தோண்டலாம் என்று சொல்வார்கள், பூ வந்தால் அடியில் கோலி அளவுக் கிழங்கு தொடங்கியிருக்கிறது என்றுதான் அர்த்தம். 80, 90 நாளில் செடி வாடிச் சாய்ந்ததும் தண்டை அடியோடு வெட்டிவிட்டு, தண்ணீர் விடாமல் பத்து முதல் பதினான்கு நாள் மண்ணிலேயே விடுங்கள். பிறகு ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். தோல் வழுக்கிக்கொண்டு உரிந்தால் இன்னும் நாலைந்து நாள் வேண்டும், நகம் பட்டாலொழிய உரியாது என்றால் தோல் கெட்டித்துவிட்டது. வெளிச்சம் பட்டுப் பச்சையான உருளையைச் சமைக்காதீர்கள்.

சர்க்கரைவள்ளி நன்றாக வந்த கொல்லையில் சிறுகிழங்கும் வரும், தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் பொங்கலுக்கென்றே ஆடி ஆவணியில் நடுவார்கள். ஐந்தாம் மாதம் கொடி பாதி காய்ந்ததும் தோண்டிவிட வேண்டும், கொடி மறைந்துவிட்டால் எங்கே கிடக்கிறதென்று மண்ணைத் தேட வேண்டியிருக்கும். பனங்கிழங்கு வேண்டுமென்றால், பனங்கொட்டை கிடைத்தால் ஆவணி புரட்டாசியில் மணல் மேட்டில் அடுக்கி மூடிவிடுங்கள். மூன்றரை முதல் நான்கு மாதத்தில், முதல் குருத்து மண்ணுக்கு மேலே ஈட்டிபோல நீண்டு இன்னும் விரியாமல் நிற்கும்போது எடுத்தால் கிழங்கு மாவாக இருக்கும். ஓலை விரிந்துவிட்டால் மாவு அதற்குப் போய்விடும், கிழங்கில் நார்தான் மிஞ்சும். யாழ்ப்பாணத்தில் இதை அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியலாகவும், பச்சையாகக் கீறிக் காயவைத்து ஒடியலாகவும் வருஷம் முழுக்க வைத்துக்கொள்கிறார்கள். அவர்களைப் போல நீங்களும் காயவைப்பதாக இருந்தால், தோண்டிய அன்றே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.